விடுதலைப் பத்திரம்

“நிலமானிய முறை என்றால் என்ன?” என்று ராமன் வாத்தியார் ஒருமுறை லீலாவைக் கேட்டார்.

பத்தாம் வகுப்பு, சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட், வரலாறு. பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தவளை அவர் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. லீலா எழுந்து நின்றாள். அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்து தொலைப்பதுதான் அவளுடைய கஷ்டமே. தெரியாதவர்கள் ‘தெரியல சார்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அவளுக்கோ சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்குழிக்கு வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் சொல்ல வேண்டியது முதலில் வெளியே வந்து விழுந்தது.

“எங்க வூட்டுது சார்.”

வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனாலும் சிரித்தார். “அது ஐரோப்பாவுல, எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால நடந்தது. உங்க வூடு எப்பம்மா அங்க போச்சு?” என்றார். லீலா உட்கார்ந்தாள். அந்த வருஷம் அவள் வகுப்பில் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? பாடத்தில் என்ன போட்டிருந்தது? பிரபு தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவன் அதற்கு ஈடாகப் பிரபுவுக்கு உழைக்க வேண்டும். தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். பிரபுவைக் கேட்காமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. லீலாவின் அப்பா கோதண்டம் ஊருக்கு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று மண்வெட்டியோடு வரப்பில் நின்று பிரித்துவிடுவது அவர் வேலை. அதற்காக அவர் தாத்தா காலத்தில் பெரிய வீட்டிலிருந்து விட்ட அரை ஏக்கர், ஏரிக்கரைக்குக் கீழே, ரோட்டோரமாக இருந்தது. அதற்குப் பேர் நீர்க்கட்டி மானியம். துணி வெளுக்கிற வீட்டுக்கு ஒரு மானியம், பிணம் எரிக்கிற வீட்டுக்கு ஒரு மானியம். ஊரில் மிச்ச நிலத்தில் முக்கால்வாசி பெரிய வீட்டு ஏகாம்பரத்துடையது. நெல் மிஷினும் அவருடையதுதான். புத்தகத்தில் நிலமானியம் என்றே அச்சடித்திருக்கும்போது அது வேறு மானியம், இது வேறு மானியம் என்று அவள் எப்படி நினைப்பாள்?

நீர்க்கட்டி வேலை மதகோடு முடிகிற வேலையும் இல்லை. பெரிய வீட்டில் கல்யாணம் என்றால் கோதண்டம் பந்தல்கால் நட வேண்டும். சாவு என்றால் சேதி சொல்லப் படப்பைக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடக்க வேண்டும். அவர் மனைவி செங்கமலம் வாசலுக்குச் சாணி தெளிக்க வேண்டும். இதற்கெல்லாம் தனியாக ஒன்றும் கிடையாது. ‘அதான் மானியம் வுட்டிருக்குதே’ என்று ஒரே பதில்தான்.

பெரிய வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, “கூடமாட ஒத்தாசைக்கு ஒரு மாசம் உம் பொண்ண அனுப்புடா” என்று ஏகாம்பரம் கோதண்டத்திடம் சொன்னார். கோதண்டம் அனுப்பினார். ஒரு மாசம் ஆறு மாசமாயிற்று, பரீட்சையும் போயிற்று. இப்போது அந்தக் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. லீலா இன்னும் அதன் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ‘எப்பம்மா திரும்பி வருவே’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்க யாரும் வரவில்லை. வீட்டில் அவளுடைய வரலாற்றுப் புத்தகம் மட்டும் இருந்தது. அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தி அவளுக்குப் பார்க்காமலே வரும்: ‘காலப்போக்கில் நகரங்கள் வளர்ந்தன. வாணிகம் பெருகியது. பிரபுக்களுக்கு உழைப்பைவிடப் பணமே தேவைப்பட்டது. ஆடு வளர்ப்பதற்காக நிலங்கள் வேலியிடப்பட்டன. பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர்.’

விடுதலை பெற்று எங்கே போனார்கள்? அது பாடத்தில் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் மறுமலர்ச்சி என்று ஒரு கோபுரப் படத்தைப் போட்டு அடுத்த பாடம் ஆரம்பமாகிவிட்டது. வயலில் நேற்று வரை நின்றவன் வேலிக்கு வெளியே என்ன தின்றான் என்று எழுத ஒரு வரிக்கு இடமில்லை, கோபுரத்துக்கு மட்டும் அரைப் பக்கம்.

1991-ஆம் வருஷம் அது. மே மாதம் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு அந்தப் பக்கம் தெரியாத கார் வந்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜூலையில் டெல்லி கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு அதே மாதிரிக் கார்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். காரில் வந்தவர்கள் ரோட்டோர நிலங்களைப் பார்த்தார்கள், சங்கிலி போட்டு அளந்தார்கள், இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ஏகாம்பரத்தின் மாப்பிள்ளை வசந்தகுமார். மெட்ராஸ்காரர், சஃபாரி போட்டவர். பிரசவத்துக்கு வந்த பெண்ணும் திரும்பிப் போகவில்லை, பெண்டாட்டியைப் பார்க்க வந்த இவரும் திரும்பிப் போகவில்லை. ஏரிக்குக் கீழே மொத்தமாகத் தொழிற்சாலை வரப்போகிறது என்றார்கள். ஏகாம்பரத்தின் நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் மூன்று மானியங்களும் குறுக்கே படுத்துக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் பக்கோடா வந்தது.

சாயங்காலம் லீலா பெரிய வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். டீக்கடை வாசலில், துணி வெளுக்கிற வீட்டு அன்பு பக்கோடா தின்று முடித்துவிட்டு, பொட்டலத்துக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இங்க வா. நீ படிச்ச பொண்ணுதானே? இதுல மானியம்னு போட்டுகீதா, இல்ல எனுக்கு அப்பிடித் தெரியுதா?”

எண்ணெய் ஊறிய அரைத்தாள். மேல் பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘மானியம் ரத்து’. அதற்கும் கீழே, ‘மத்திய அரசு அறிவிப்பு. உடனடியாக அமலுக்கு வருகிறது.’ அதற்கும் கீழே எண்ணெய் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது.

“சத்தமாப் படி பாப்பா. எல்லாரும் கேட்கட்டும்.”

அவளிடம் யாரும் எதையும் படிக்கச் சொல்லி ஒன்றரை வருஷமாகியிருந்தது. லீலா படித்தாள். தடுமாறாமல், நிறுத்தி, கணீரென்று படித்தாள். இது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படித்து முடித்த பிறகுதான் எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

“ரத்தா?” என்றார் அன்பு. “எந்த மானியம்டா? நம்ப மானியமா?”

“வேற இன்னா மானியம் கீது? நீ எந்த மானியத்த வெச்சிகினு கீறே?” என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

அந்தப் பேச்சு அன்றைக்கே பெரிய வீட்டுக்கும் போயிற்று. வசந்தகுமாருக்குத் தமிழ்ப் பேப்பர் ஒன்று, இங்கிலீஷ் பேப்பர் ஒன்று, இரண்டும் தினமும் வீட்டுக்கே வரும். எந்த மானியம் ரத்து என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஜனங்கள் கேட்க வந்தபோது அவர் காலரைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான். “ஆமா, ரத்து. கவர்மெண்டே பண்ணிட்டான், மாமா இன்னா பண்ணுவாரு? நிலம் குடுத்தவங்களுக்கே திரும்பிடும். தாலுகா ஆபீஸ் ஏட்டுல உங்க பேர் ஒட்டிகினு இருக்குது, அத எடுத்துவுடணும். ஒரு கைநாட்டு வெச்சிட்டா போதும். வெக்கிறவங்க வூட்டுக்கு ஒரு ஆளுக்குக் கம்பெனில வேலை. வெக்காதவங்களுக்கு நிலமும் இல்ல, வேலையும் இல்ல.” பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஞானம்மா கைநாட்டு வைத்தாள். பிணம் எரிக்கிற வீடு அவளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த லீலாவை வசந்தகுமார் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

“உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமில்ல? சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது. வயசு பதினெட்டுன்னு போட்டுக்க.”

“பதினாறுங்க.”

“பதினெட்டுன்னு போடுன்னா போடு. வயசு ஏறுனா நல்லதுதானே, கல்யாணம் ஆவும்.” பத்திரம் எழுதுகிறவர் சிரித்தார்.

“இன்னா பத்திரம் பாப்பா இது? கொஞ்சம் படிச்சி சொல்லேன்” என்றாள் ஞானம்மா.

லீலா முதல் வரியைப் படித்தாள். “விடுதலைப் பத்திரம்.”

“வுடுதலையா? இன்னாத்துலேருந்து?”

லீலா மேலே படித்தாள். ‘எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி நிலத்தில் இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை’ என்று வந்தது. அந்த இடத்தில் அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. ஞானம்மாவுக்கு அது சரியாகக் காதில் விழுந்திருக்காது. “உங்களுக்கு இனிமே ஆண்டையும் கிடையாது, வேலை ஏவறதும் கிடையாது. அதான் விடுதலை” என்றார் வசந்தகுமார். ஞானம்மா பெருவிரலை மைப்பெட்டியில் தேய்த்து அழுத்தினாள். லீலா தன் பெயரை எழுதினாள். ஒன்றரை வருஷத்தில் அவள் போட்ட முதல் கையெழுத்து. லாவன்னாவின் சுழி அழகாக வந்திருந்தது. அதைப் பார்த்து ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத் தன்னை என்ன செய்தால் தகும் என்று பிற்பாடு அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அன்பு வைத்தார். அதற்குச் சாட்சிக்கு டிரைவர் அகப்பட்டார். வெள்ளிக்கிழமை கோதண்டம் வைக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரையும் வேனில் ஏற்றிப் பதிவு ஆபீசுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

புதன்கிழமை செங்கமலம் லீலாவை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். கடையில் ஒரே கூச்சல். எடை போடுகிற முனிரத்தினம் தராசை விட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

“எங்கையில இன்னாம்மா கீது? போன மாச விலைக்கு நான் எங்கேருந்து குடுக்கிறது? சக்கரைக்கி மானியத்த எடுத்துட்டான் டெல்லியில! போய் அவன கேளு!”

“மானியமா?” என்றாள் லீலா. வரிசையில் பின்னால் நின்ற அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் கலைகிற வரை நின்றாள். அப்புறம் போய்க் கேட்டாள். “அண்ணே, மானியம்னா... நிலத்துக்கா?”

“நிலத்துக்கு இன்னாத்துக்கு மானியம் குடுக்கிறான்? விலையில ஒரு பங்க கவர்மெண்டு போட்டுக் குடுத்துகினு இருந்தான் பாரு, அது மானியம். இப்ப போட மாட்டேன்னுட்டான். எல்லாரும் என்னைத் திட்டறாங்கன்னு பேப்பரையே வெச்சிகினு கீறேன், இந்தா பாரு.”

கல்லாவுக்கு அடியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தது அதே பேப்பர். கிழியாதது, எண்ணெய் படாதது. அதே கொட்டை எழுத்து. ஆனால் இரண்டு வரி. மேல் வரியில் ‘சர்க்கரை’. கீழ் வரியில் ‘மானியம் ரத்து’.

லீலா அதை இரண்டு தடவை படித்தாள். சர்க்கரை. ஒரு சொல். எவனோ பக்கோடா மடிக்கக் கிழித்த இடத்தில் போன ஒரு சொல். அது போனதால் ஞானம்மாவின் நிலம் போயிற்று, அன்புவின் நிலம் போயிற்று. ‘மத்திய அரசு அறிவிப்பு’ என்று கணீரென்று படித்தது யார்? அவள். பெரிய வீட்டில் பேப்பர் முழுசாகக் கையில் இருந்தும் ஆமாம் ரத்து என்று சொன்னது யார்? அவர். அவளுடையது தப்பு. அவருடையது திருட்டு. இரண்டும் ஒன்றில்லை என்று நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் ஊர் கேட்ட குரல் அவளுடையதுதான்.

“அண்ணே, இந்தப் பேப்பர எனக்குத் தருவீங்களா?”

“எடுத்துக்கோ. எனுக்கு இனிமே மனப்பாடம்.”

வழியில் ஞானம்மா வீட்டில் நின்றாள். ஞானம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். லீலா சொல்லி முடிக்கும்வரை ஊதுகுழலைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“சக்கரைக்கா?” என்றாள் கடைசியில். “நான் டீயே வெல்லம் போட்டுதான் குடிக்கிறேன் பாப்பா.”

“தப்பாயிட்ச்சி அத்தே. மேல கிழிஞ்சிருந்திச்சி.”

“மாப்புள்ள சொன்னத நான் நம்பல. அவன் முழியே சரியில்ல. நீ படிச்சியே, அத நம்புனேன். கோதண்டம் பொண்ணு, படிச்ச பொண்ணு, அதுக்கு எதுக்கு நம்ப கிட்ட பொய் சொல்லணும்னு நம்புனேன்.” ஞானம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பின் பக்கம் திரும்பி ஊத ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் லீலாவுக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

வீட்டில் கோதண்டம் பேப்பரைத் தொடவே இல்லை. எட்ட இருந்து அதைப் பார்த்தார்.

“ஆண்ட எதிர்லதானே மாப்புள்ள சொன்னாரு. அவரு பக்கத்துல குந்திகினு இருந்தாரு. இல்லன்னு சொல்லலையே.”

“ஆமான்னும் சொல்லலையே நைனா.”

“பொய்யின்னா அவரு சும்மா இருப்பாரா?”

“பொய்யின்னாதான்யா சும்மா இருப்பாங்க” என்றாள் செங்கமலம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ரத்தாயிட்ச்சின்றானுங்களே. ரத்தாயிட்டா அவனுங்களே எடுத்துக்க வேண்டியதுதானே? எதுக்கு உன் கை? செத்துப்போன மாட்டுக்கு எவனாவது மூக்கணாங்கயிறு வாங்குவானா?”

கோதண்டம் மதகில் எந்தப் பலகையை எடுத்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று விரல் கணக்கில் சொல்கிற மனிதர். இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே இறங்கவில்லை.

“கம்பெனில வாட்ச்மேன் வேலைன்னாரு” என்றார்.

“எதுக்கு வாட்ச்மேன்? உன் நிலத்துல வேலி போட்டு, நீ உள்ள வராம உன்னையே காவல் காக்கறதுக்கா?”

லீலாவுக்கு அந்தப் பத்தி ஞாபகம் வந்தது. ‘நிலங்கள் வேலியிடப்பட்டன. விடுதலை பெற்றனர்.’ இப்போது அவளுக்குப் புரிந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்களிலும் ஒரு மாப்பிள்ளை வந்திருப்பார். ஒரு கைநாட்டு வெச்சிட்டா போதும் என்றிருப்பார். பிரபு பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டு சும்மா இருந்திருப்பார். பண்ணையடிமைகள் ஒன்றையும் பெறவில்லை. பிரபுக்கள்தான் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டார்கள். அதைத்தான் எழுதியவன் மாற்றி எழுதிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய வீட்டு வாசலில் மேசை போட்டிருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் வந்திருந்தார். டிரைவர் சாட்சிக்கு நின்றார். ஏகாம்பரம் அதே சாய்வு நாற்காலியில். கோதண்டம் படிக்குக் கீழே மண்ணில் நின்றார். வீட்டில் அவர் ஒரு முடிவும் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள், வந்துவிட்டார். கூப்பிட்டால் வருவது அவர் கால்களுக்கே பழக்கம், அவரைக் கேட்பதில்லை. லீலா உள்ளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்குப் பின்னால் இருந்தாள். பேப்பர் அவள் பாவாடையில் செருகியிருந்தது.

வசந்தகுமார் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். “இடது கை. நல்லா தேச்சிக்க.”

கோதண்டம் படியேறி வந்து குனிந்து தேய்த்தார். விரல் கறுத்தது. பத்திரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

“நைனா, வெக்காத.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீலா குழந்தையை இறக்கிவிட்டிருந்தாள். பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள போ. குழந்தை அழுவுது பாரு” என்றார் வசந்தகுமார்.

“சர்க்கரை மானியம் ரத்து” என்று லீலா படித்தாள். தொண்டையில் வழக்கம்போல் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. அதனால் அச்சில் இருந்ததையே பிடித்துக்கொண்டாள், ஒரு எழுத்து விடாமல். “மத்திய அரசு அறிவிப்பு. உடனடியாக அமலுக்கு வருகிறது. ரேஷன் கடைகளில் விநியோகிக்கப்படும் சர்க்கரைக்கு அளிக்கப்பட்டு வந்த மானியம்...” அங்கே நிறுத்தினாள். “இதுதான் ரத்து. நிலம் இல்ல. இந்தப் பேப்பரு இந்த வூட்டுக்கும் வந்திச்சி. நான்தான் வாசல்லேருந்து எடுத்து மேசை மேல வெச்சேன்.”

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டுத் தென்னைமரத்தைப் பார்த்தார்.

“பார்ரா!” என்று சிரித்தார் வசந்தகுமார். “பொண்ணு ஜோராப் படிக்குதே. மாமா, கம்பெனில டெலிபோன் எடுக்க ஒரு பொண்ணு வேணும்னாங்க. இதையே போட்டுடலாம்.”

“ஞானம்மா பத்திரத்துல நான் போட்ட கையெழுத்தும் பொய்” என்றாள் லீலா. “எனக்குப் பதினாறு வயசுதான். திங்கக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து நானே சொல்லுவேன்.”

சிரிப்பு நின்றது. “கோதண்டம்! உம் பொண்ண அடக்கறியா, இல்ல நான் அடக்கட்டுமா?”

கோதண்டம் மகளைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மை பூசிய விரலை மற்ற எதிலும் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

“ஆண்டே, ரத்துதான்னு நீங்க உங்க வாயால ஒரு தரம் சொல்லிடுங்க. வெச்சிடறேன்.”

ஏகாம்பரம் மெல்லுவதை நிறுத்தினார். “நான் வேற சொல்லணுமா? மாப்பிள்ள சொன்னா நான் சொன்ன மாதிரி.”

“இல்ல ஆண்டே. நீங்க சொல்லுங்க.”

“இன்னாடா இது புதுசா! உங்கப்பன் இந்த வாசல்ல நின்னு எங்கப்பன ஒரு கேள்வி கேட்டிருப்பானா?”

“கேட்டதில்ல ஆண்டே. நானும் கேட்டதில்ல. இந்த ஒண்ணுதான்.”

அப்போது ஏகாம்பரம் நேராக உட்கார்ந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. வெட்கத்தால் அல்ல. தன் வாசலில் தன்னைப் பொய் சொல்லும்படி ஒருவன் கேட்டுவிட்டானே என்ற கோபத்தில். பொய்யைச் சும்மா இருந்தே செய்து பழகியவர், வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருப்பது அவருக்குக் கேவலமாக இருந்தது.

“சக்கரையா இருந்தா இன்னா, உப்பா இருந்தா இன்னாடா? எங்க தாத்தா குடுத்த நிலம். குடுத்த வூடு திருப்பி எடுத்துக்குது. மதகே மூடப் போவுது, இனிமே எவனுக்குடா நீர்க்கட்டி வேணும்? மூணு தலைமுறை இந்த வூட்டுச் சோத்தத் தின்னுட்டு நியாயம் பேச வந்துட்டியா? வை கைய!”

மூன்று தலைமுறையாக யார் சோற்றை யார் தின்றார்கள்? மழைக்காலத்தில் கரை உடையாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் யார்? அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் எந்தக் களத்துக்குப் போயிற்று? லீலாவுக்கு இதையெல்லாம் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் பேப்பரில் இது எதுவும் அச்சாகியிருக்கவில்லை.

“வைடா!” என்றார் வசந்தகுமார், கோதண்டத்தின் மணிக்கட்டைப் பிடித்து.

கோதண்டம் கையை உதறவில்லை. மெதுவாக இழுத்துக்கொண்டார், வரப்பில் சேற்றிலிருந்து காலை எடுப்பது போல. மை காயாத பெருவிரலை உள்ளங்கைக்குள் வைத்து, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் இறுக்கி மூடிக்கொண்டார். பத்திரத்தின் மீதோ மேசையின் மீதோ அந்த வாசலில் வேறு எதன் மீதோ அது பட்டுவிடக் கூடாது என்பது போல அந்த முஷ்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“எங்கடா போறே? நான் பேசிகினு இருக்கேன்!” என்று ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கோதண்டம் படியிறங்கினார். லீலாவை வா என்றுகூடச் சொல்லவில்லை. போயிட்டு வரேன் ஆண்டே என்றும் சொல்லவில்லை. வாசல் மண்ணைக் கடந்து, கேட்டை வலது கையால் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.